ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா?

வணிக மேலாண்மையில் பட்டமேற்படிப்பு படிப்போருக்கு ‘ஆராய்ச்சி முறைகள்’ என்றொரு பாடம் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் அதற்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு, நெருங்கிய உறவு உண்டு! அந்தப் பாடத்தைப் படித்தவர்தான் நாளை கையில் கடிகாரத்துடன் நம் பக்கத்தில் வந்து நிற்பார். அவர் எழுதும் அறிக்கைதான் வேலைப் பளுவையும், கூலியையும், ஆட்குறைப்பையும் முடிவு செய்யும்.

அப்பாடத்தில் அடிக்கடி பேசப்படும் ஆராய்ச்சி ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் சிகாகோ நகரையொட்டி வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த இடம். 1927-இல் ‘ரிலே’ என்னும் உறுப்பைப் பூட்டும் பெண்கள் ஐவரை அங்கே தனி அறையில் அமர்த்தினார்கள். இடைவேளை தந்தார்கள், சிற்றுண்டி தந்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உற்பத்தி படிப்படியாகச் சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது. கூலியைவிடக் கனிவான கண்காணிப்பும் கூடிப் பழகும் உணர்வுமே காரணம் என்றனர் ஹார்வர்டு பேராசிரியர் எல்ட்டன் மேயோவும் அவர் வழி வந்தவர்களும். பாடப் புத்தகங்கள் அதைப் போற்றின.

கனிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்கிறோம்!

எத்தனை பேரைப் பார்த்தார்கள்? பல்லாயிரவர் உழைத்த ஆலையில் ஐந்தே பேரை! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில், ஒரே கொதியில் வெந்தால் அது சரி. தனி அடுப்பில் வெந்த சோறு பெரும்பானைக்குப் பதம் சொல்லுமா?

எதை மாற்றினார்கள்? இடைவேளையை மட்டுமா? கூலி முறையையும் மாற்றினார்கள். பெருங்கூட்டத்தின் உற்பத்தியை வைத்துத் தந்த ஊக்கக் கூலியை, அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை மட்டும் வைத்துத் தந்தார்கள். 1928-இல் வேறு ஐவருக்குக் கூலி முறையை மட்டும் மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி சுமார் 12 விழுக்காடு உயர்ந்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் இறங்கியது. கூலிக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

யாரை நீக்கினார்கள்? 1928 ஜனவரியில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று முதல் ஐவரில் இருவரை வெளியேற்றி, வேறு இருவரை அமர்த்தினார்கள். கனிவுக்குச் சான்று தேடிய அறையிலேயே கண்டிப்பு!

இக்குறைகளை எடுத்துக்காட்டி, சான்றுகள் முடிவைத் தாங்கவில்லை என்று 1967-இல் எழுதினார் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் கேரி. அவரால் அது எப்படி முடிந்தது? ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பதிவுகளை 1939-இல் விரிவாக நூலாக்கியிருந்தார்கள். ஆட்களை மாற்றியதையும் அதில் மறைக்கவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். பதிவைத் திறந்து வைப்பதும் ஆராய்ச்சி முறையின் ஓர் அங்கமே.

மேலாண்மை படிக்கும் இளைஞர்களே, இந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். நீங்கள் எண்ணும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது.

தொழிலாளத் தோழர்களே, ‘ஆய்வு சொல்கிறது’ என்று யாரேனும் அறிக்கையை நீட்டினால் அஞ்சவும் வேண்டாம், ஆத்திரப்படவும் வேண்டாம். எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்? எவற்றையெல்லாம் மாற்றினீர்கள்? யாரை விட்டுவிட்டீர்கள்? இந்த நான்கையும் கேளுங்கள். விடை இருந்தால் ஏற்போம். இல்லையென்றால், அது ஆராய்ச்சியல்ல, ஆணை!