லிட்டர் கணக்கும் உப்புக் கணக்கும்

உட்காருங்கள், டீ வருவதற்குள் பாதியைச் சொல்லிவிடலாம். திருப்பூர் சாயப்பட்டறைகள் பலவற்றின் கழிவுநீர் குழாய் வழியே பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்த நிலையம் தனிக் கம்பெனி. பங்குதாரர்கள் அதே பட்டறைக்காரர்கள்தான். நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையில்தான் மறுபடி திறந்தார்கள்.

சரி, நிலையத்தின் செலவை எப்படிப் பிரிப்பது? மீட்டர் வைத்து லிட்டருக்கு இத்தனை பைசா என்று போட்டால் போதாதா?

போதாது. கடன் தவணை, ஆள் சம்பளம், பராமரிப்பு எல்லாம் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு. உதாரணத்துக்கு, மாதம் 30 லட்சம் ரூபாய் நிலைச்செலவு, வரத்து 3 கோடி லிட்டர் என்றால் லிட்டருக்கு 10 பைசா. ஆர்டர் குறைந்து வரத்து பாதியானால் அதுவே 20 பைசா. வேலையில்லாத மாதத்தில்தான் பில் கடிக்கும். அதனால் நிலைச்செலவை நிலையத்தில் அவரவருக்கு ஒதுக்கிய கொள்ளளவின்படியும், ஓட்டச்செலவை மீட்டர்படியும் பிரிப்பதே நியாயம்.

அப்போதும் உப்பு மிச்சம். பருத்தியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். அது துணியில் தங்காமல் கழிவோடு வந்துவிடும். ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி பெரும்பகுதித் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. எஞ்சும் கொஞ்ச உப்புநீரை எவாப்பரேட்டரில் நீராவி கொண்டு வற்றவைப்பதில்தான் பணம் கரைகிறது. ஆக, தண்ணீரை மிச்சப்படுத்தி அடர்த்தியான கழிவை அனுப்புகிறவர் லிட்டர் கணக்கில் தப்பிக்கிறார். நீராவிச் செலவில் ஒரு பங்கை அடுத்தவர் தலையில் கட்டுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், விதி அப்படி. டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவையும் பில்லில் சேர்த்தால் இது சரியாகும். ஆனால் மாதிரியை யார், எப்போது எடுப்பது என்ற சண்டை அன்றே தொடங்கும்.

திரும்ப வரும் தண்ணீரும் மீட்ட உப்பும் செலவில் கொஞ்சம் கழியும். மீட்க முடியாமல் மிஞ்சும் கலப்பு உப்பை மட்டும் வாங்க ஆளில்லை. அதை மழை படாமல் கிடங்கில் அடுக்கிவைக்கும் செலவும் உறுப்பினர்கள் தலையில்தான். கூலிக்குச் சாயம் போடுகிறவர் இதையெல்லாம் கிலோ ரேட்டில் ஏற்றப் பார்ப்பார். ஏற்றுமதிக்காரர் அதற்குச் சம்மதிப்பது அபூர்வம்.