சொலாரிசு வலயங்களின் மெய்நிகர் பிணைய வரைபடம்

சொலாரிசு வலயங்களின் மெய்நிகர் பிணைய வரைபடம் என்பது, ஒரே வழங்கியில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு இயங்கும் வலயங்கள் எந்தெந்த மெய்நிகர் பிணைய அட்டைகள், சுவிட்சுகள் ஆகியவற்றின் வழியாகத் தம்முள்ளும் வெளியுலகுடனும் இணைந்துள்ளன என்பதைக் காட்டும் படம் ஆகும். வலயம் என இங்குக் குறிக்கப்படுவது சோன் எனப்படும் தனித்த இயங்கு சூழல். வலயங்கள் பொதுவாக ஒரே இயங்குதளக் கருவைப் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் ஒவ்வொன்றுக்கும் அதற்கேயுரிய பயனர்கள், செயல்முறைகள், கோப்பு மரம் ஆகியன உண்டு. ஒரு கணினியில் முதன்மை வலயத்தையும் சேர்த்து 8192 வலயங்கள் வரை இருக்கலாம். நடைமுறையில் பத்து, இருபது வலயங்களிலேயே பிணைய அமைப்பை மனத்தில் நிறுத்துவது கடினமாகிவிடுகிறது.

வரலாறு

வலயங்கள் 2005 ஆம் ஆண்டு வெளிவந்த சொலாரிசு 10 பதிப்பில் அறிமுகமாயின. தொடக்கத்தில் எல்லா வலயங்களும் முதன்மை வலயத்தின் ஐபி அடுக்கையே பகிர்ந்துகொண்டன. அப்போது வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரே அட்டையின் மேல் பல ஐபி முகவரிகள், அவ்வளவே. 2007 இல் வலயத்துக்குத் தனி ஐபி அடுக்கைத் தரும் வசதி சேர்ந்தது. ஆனால் அவ்வாறு தருவதற்கு ஒவ்வொரு வலயத்துக்கும் தனி அட்டையோ தனி வீலானோ தேவைப்பட்டது.

இத்தடையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கிராஸ்போ திட்டம் நீக்கியது. இது ஓப்பன்சொலாரிசு 2009.06 பதிப்பில் இடம்பெற்றது. ஒரு பருநிலை அட்டையின் மேல் பல மெய்நிகர் அட்டைகளையும், எந்த அட்டையும் இல்லாமலேயே இயங்கும் ஈதர்ஸ்டப் என்னும் மெய்நிகர் சுவிட்சையும் இதனால் உருவாக்க முடிந்தது. ஒரு முழுப் பிணையத்தையே ஒரு பெட்டிக்குள் அடக்கும் இக்கருத்தைச் சுனய் திரிபாதியும் உடன் பணியாற்றியோரும் 2009 ஆம் ஆண்டின் லிசா மாநாட்டில் விளக்கினர். சன் நிறுவனத்தை 2010 இல் ஆரக்கிள் வாங்கியது. கிராஸ்போவின் கூறுகள் பின்னர் ஆரக்கிளின் சொலாரிசு 11 பதிப்பிலும், திறமூல இலூமோசிலும் தொடர்ந்தன.

படம் ஏன் தேவை

பருநிலைப் பிணையத்தில் ஐயம் எழுந்தால் கம்பியைக் கையால் பிடித்து அதன் மறுமுனை வரை சென்று பார்க்கலாம். மெய்நிகர் பிணையத்தில் பிடிக்கக் கம்பி இல்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு வழங்கியில் தீச்சுவர், வலைத்தளம், தரவுத்தளம் என மூன்று வலயங்கள் இருப்பதாகக் கொள்வோம். தீச்சுவர் வலயத்துக்கு இரண்டு மெய்நிகர் அட்டைகள்: ஒன்று வெளியுலகை நோக்கிய பருநிலை அட்டையின் மேலும், மற்றொன்று உள் ஈதர்ஸ்டப்பின் மேலும் அமையும். மற்ற இரு வலயங்களுக்கும் ஈதர்ஸ்டப்பின் மேல் ஒவ்வோர் அட்டை. இனி, தரவுத்தளத்தின் அட்டையை நிர்வாகி தவறுதலாகப் பருநிலை அட்டையின் மேல் உருவாக்கிவிட்டால் என்ன நேரும்? வலயத்துக்குள்ளிருந்து பார்ப்பவருக்கு அது வழக்கமான ஓர் அட்டையாகவே தெரியும். பெயரும் அதே, முகவரியும் அதே. ஆனால் தரவுத்தளம் இப்போது தீச்சுவருக்கு வெளியே, அலுவலகப் பிணையத்தின் அதே கம்பியில் நிற்கிறது. முதன்மை வலயத்திலிருந்து தரவு திரட்டி வரைந்த படத்தில் இது தவறான பெட்டிக்குச் செல்லும் ஒரு கோடாக உடனே கண்ணில் படும்.

தரவு திரட்டுதல்

டிஎல்ஏடிஎம் கட்டளையின் ஷோ-விநிக் துணைக்கட்டளை, மெய்நிகர் அட்டைகளைப் பட்டியலிடுகிறது. அதில் 'ஓவர்' என்ற நிரலே இங்கு உயிர்நாடி. ஓர் அட்டை எதன் மேல் அமர்ந்துள்ளது என்பதை அது சொல்கிறது. ஒவ்வொரு வரியும் படத்தின் ஒரு கோடு. ஷோ-லிங்க்ப்ராப் துணைக்கட்டளையின் வழியே அந்த அட்டை எந்த வலயத்துக்கு உரியது என அறியலாம். தனி ஐபி அடுக்கு கொண்ட வலயங்களில் ஐபி முகவரிகளை அறிய, அவ்வலயத்துக்குள் சென்று கேட்பதே நேரான வழி.

இங்கு இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வீலான். ஒரே பருநிலை அட்டையின் மேல் உள்ள இரு மெய்நிகர் அட்டைகள் ஒரே வீலானில் இருந்தால், அவற்றிடையே செல்லும் பொதிகள் வழங்கியை விட்டு வெளியேறாமல் உள்ளேயே மாற்றிவிடப்படுகின்றன; வெவ்வேறு வீலான் எனில் அவை நேரடியாகப் பேச இயலாது. ஆகவே ஒவ்வொரு வீலானையும் தனிச் சுவிட்சாக வரைய வேண்டும். இல்லையேல் படம் இல்லாத இணைப்பைக் காட்டும். இரண்டாவது, சொலாரிசு 11 இல் வலயம் தொடங்கும்போது தானே தோன்றி, நிற்கும்போது மறையும் அட்டைகள். நிறுத்தி வைத்த வலயம் படத்தில் இல்லாமலே போகும். அதையும் காட்ட, சோன்சிஎஃப்ஜி வழியாக அமைவடிவத்தைப் படித்துப் புள்ளிக்கோடாக இடலாம்.

வரைதல்

திரட்டிய தரவை ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் உருவான கிராஃப்விசு என்னும் கட்டற்ற மென்பொருளுக்குக் கொடுப்பது எளிய வழி. கணுக்களையும் கோடுகளையும் சில வரிகளில் எழுதினால், அவற்றை எங்கே வைப்பது என்பதை அதுவே தீர்மானிக்கும். அதன் டாட் நிரல் படிநிலையாக அடுக்குவதால், கீழே பருநிலை அட்டைகள், நடுவே சுவிட்சுகள், மேலே வலயங்கள் என்ற வரிசை இயல்பாக அமையும். 'கிளஸ்டர்' எனத் தொடங்கும் பெயருடைய துணைவரைபைச் சுற்றி அது ஒரு கட்டம் இடும். வலயத்துக்கு ஒரு கட்டம் என வைத்துக்கொள்ளலாம். கையால் வரைந்த படம் அழகாக இருக்கலாம், ஆனால் அடுத்த மாற்றத்தன்றே பழையதாகிவிடும்.

இப்படம் இணைப்பு அடுக்கை மட்டுமே காட்டுகிறது. தீச்சுவர் வலயத்தில் பொதி முன்னனுப்பல் அணைந்திருந்தாலும் கோடு கோடாகவே இருக்கும். தீச்சுவர் விதிகளும் இதில் தெரியா.

பிற இயங்குதளங்கள்

லினக்சில் இதே பணி சற்றுச் சிக்கலானது. 2008 இல் வெளிவந்த 2.6.24 கருவில் பிணையப் பெயர்வெளிகளும், இரு முனை கொண்ட வீத் இணைகளும் சேர்ந்தன. இணையின் ஒரு முனை ஒரு பெயர்வெளியிலும் மறுமுனை வேறொன்றிலும் இருக்கும். இடைமுக எண் ஒரு பெயர்வெளிக்குள் மட்டுமே தனித்துவமானது என்பதால், எண்ணை மட்டும் வைத்து முனைகளைப் பொருத்தினால் தவறான கோடு விழக்கூடும். பிளாட்நெட்சிஎஃப்ஜி என்னும் கருவி, பெயர்வெளிகளைத் தானே ஆராய்ந்து கிராஃப்விசுக்கு ஏற்ற வடிவில் தருகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் சிறைகளுக்கான தனிப் பிணைய அடுக்கு வீநெட் எனப்படுகிறது. அங்கு வீத் இணையின் இடத்தை ஈபேர் நிரப்புகிறது.