பாதிப் பதத்தில் நிற்கும் கம்பளி

அறுவடை முடிந்த வயல்களில் தேவதானப்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஒருமுறை கிடைக்காரர் ஒருவரிடம் ஒரு கைப்பிடி ரோமம் கேட்டு வாங்கினேன். "இதை வச்சு என்ன பண்ணப் போற தாயி? இது எதுக்கும் ஆகாதே" என்றார். "பாத்துட்டு வந்து சொல்றேன் பெரியப்பா" என்று வீட்டுக்கு வந்து, வெந்நீரும் சோப்பும் விட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். கடைசி வரை மயிர் மயிராகவே கிடந்தது. அவர் சொன்னதுதான் சரி.

காரணம் ஆட்டின் இனம். வேம்பூர், கீழக்கரிசல் போன்ற நம் தென்மாவட்ட ஆடுகளுக்கு உடம்பில் இருப்பது முடி, கம்பளி இல்லை. கம்பளி இழையின் மேல் ஓட்டுக்கூரை போலச் செதில்கள் வரிசையாக இருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டு, மேலே கையும் அசையும்போது ஒவ்வொரு இழையும் ஒரே திசையில் நகர்ந்து பக்கத்து இழைக்குள் புகுந்துவிடும். செதில் தடுப்பதால் வந்த வழியே திரும்ப முடியாது. நூலும் இல்லை, தறியும் இல்லை; இழைகள் தாமாகவே பின்னிக்கொண்டு துணியாகின்றன. அதுதான் ஃபெல்ட். காஷ்மீரத்து நம்தா விரிப்பு இந்த வகைதான்.

அதற்கேற்ற கம்பளி நமக்கு வெகுதூரத்திலும் இல்லை. காட்ரோட்டில் திரும்பி மலையேறி, கொடைக்கானலையும் தாண்டிப் போனால் மன்னவனூர். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இருக்கிறது. ராஜஸ்தானத்து சோக்லா, நாலி ஆடுகளை ராம்புலே, மெரினோ கிடாக்களோடு கலந்து உருவாக்கிய பாரத் மெரினோ இனத்தை அங்கே வளர்க்கிறார்கள். அதன் இழை சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஃபெல்ட் வேலைக்கு இதைவிட நல்ல ரகம் வேண்டியதில்லை.

ப்ரீஃபெல்ட் என்பது ஃபெல்ட்டின் பாதிப் பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். ஒரு கொதி முந்தினால் மாவு சேராது, ஒரு கொதி பிந்தினால் கல்லாகிவிடும். கம்பளியும் அப்படித்தான். தூக்கினால் பிரியாத அளவுக்கு இழைகள் பிடித்திருக்க வேண்டும். இன்னொரு கம்பளியோடு சேர இடமும் விட்டிருக்க வேண்டும்.

இந்தப் பாதிப் பதம் எதற்கு என்றால், உருவம் வெட்ட. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கொத்து ஒன்றை ஒரு விரிப்பில் கொண்டுவர ஆசைப்பட்டேன். ஊதாக் கம்பளியைச் சின்னச் சின்ன உருண்டையாக வைத்துத் தேய்த்தேன். பழங்கள் ஒன்றோடொன்று கலந்து, கசிந்த மை போலப் பரவிவிட்டன. அடுத்த முறை ஊதா ப்ரீஃபெல்ட்டில் வட்டங்களை வெட்டி, தேய்க்காத பச்சைக் கம்பளி மேல் அடுக்கினேன். ஒவ்வொரு பழமும் விளிம்பு கலையாமல் நின்றது.

இனி செய்முறை. 40 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றுக்கு 30 கிராம் மெரினோ போதும். சீவி நீளத் திரியாக வருவதை வாங்கினால் பாதி வேலை மிச்சம். வெட்டிய ரோமத்தை அப்படியே வாங்கினால் அதில் ஆட்டின் கொழுப்பும் மண்ணும் இருக்கும். வலைப்பையில் போட்டு, கை பொறுக்காத சூட்டு நீரில் சோப்போடு ஊற வைக்க வேண்டும். கலக்கவே கூடாது, கலக்கினால் பாத்திரத்திலேயே கட்டி தட்டிவிடும். நீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொழுப்பு மறுபடி இழையில் படியும். நிழலில் உலர்த்தி, கம்பிப் பல் வைத்த கைத்தட்டுகளால் சீவுங்கள்.

மேசையில் ஒரு கோரைப்பாயை விரித்து, அதன் மேல் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். திரியின் நுனியைப் பிடித்து, மெல்லிய தோகையாக உருவி உருவி வைக்க வேண்டும். ஓடு வேய்வது போல ஒன்றின் கால் மற்றொன்றின் தலையை மூட வேண்டும். 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குப் பரப்புங்கள். சுருங்கி நாற்பதுக்கு வரும். முதல் அடுக்கு நீளவாக்கில், இரண்டாவது குறுக்குவாக்கில். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுகிற இடம் நாளைக்கு ஓட்டையாகும். ஒரு சிட்டிகை கம்பளி வைத்து இப்போதே நிரப்பிவிடுங்கள்.

மேலே இன்னொரு வலையை மூடி, துருவிய குளியல் சோப்பைக் கரைத்த வெந்நீரை நடுவிலிருந்து தெளியுங்கள். மூடியில் ஓட்டை போட்ட பாட்டில் போதும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். அங்கே மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ நல்லது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற, கையை விரித்து அழுத்துங்கள். முழுதும் நனைந்து தட்டையானதும், கை எடையைத் தவிர வேறு பலம் கொடுக்காமல் வட்டமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், திருப்பிப் போட்டு ஐந்து நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்கி வையுங்கள், மறந்தால் இழை வலைக்குள்ளும் புகுந்துகொள்ளும்.

பிறகு பாயோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, முன்னும் பின்னும் ஐம்பது முறை உருட்டுங்கள். பிரித்து, கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடி ஐம்பது. இதற்கு மேல் ஒவ்வொரு பத்து உருட்டலுக்கும் நிறுத்திச் சோதிக்க வேண்டும். நகத்தால் இல்லாமல் விரல் நுனியால் நடுவில் கிள்ளித் தூக்குங்கள். தனித்தனி இழையாக எழுந்தால் இன்னும் ஆகவில்லை. பாலாடை போல மேற்பரப்பு சேர்ந்து எழுந்தால் அதுதான் பதம், கையை எடுத்துவிடுங்கள். எதுவும் எழாமல் விறைத்து நின்றால் பதம் கடந்து ஃபெல்ட் ஆகிவிட்டது. அதைத் தூக்கிப் போட வேண்டாம். கம்பித் தூரிகையால் அடிப்பக்கத்தைச் சீவி இழைகளை எழுப்பினால் ஓரளவு ஒட்டும்.

சோப்புப் போக வெதுவெதுப்பான நீரில் மூழ்க வைத்து எடுங்கள், பிழியாதீர்கள். கடைசி நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் மிச்சச் சோப்பும் போய்விடும். துண்டில் வைத்து ஒற்றி, தட்டையாக நிழலில் உலர்த்துங்கள். கூர்மையான கத்தரிக்கோலால் வேண்டிய உருவத்தை வெட்டலாம்.

கடையில் வாங்கும் ப்ரீஃபெல்ட் வேறு வழியில் வருகிறது. ஆயிரக்கணக்கான முள் ஊசிகள் ஏறி இறங்கும் இயந்திரத்தில், தண்ணீரே இல்லாமல், கம்பளியைக் குத்திக் குத்திப் பிடிக்க வைக்கிறார்கள். எங்கும் ஒரே தடிமன். பெரிய விரிப்புக்கு அதுவே வசதி. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று விற்பார்கள். உருவம் வெட்ட 100 முதல் 150 கிராம் வரை சரியாக இருக்கும்.

வாங்கும்போது கவனம் வேண்டும். கைவினைக் கடைகளில் "ஃபெல்ட் ஷீட்" என்று வண்ண வண்ணமாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். ஒருமுறை தபாலில் கம்பளி என்று வரவழைத்த கட்டு முழுவதும் அக்ரிலிக்காக இருந்தது. ஒரு வாரம் தேய்த்தாலும் அது கம்பளியோடு சேராது. ஓரத்தில் நாலு இழை பிய்த்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பிளாஸ்டிக். சூப்பர்வாஷ் என்று எழுதியிருந்தாலும் வேண்டாம், அது செதிலை நீக்கிய அல்லது மூடிய கம்பளி.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு துண்டையாவது கையால் செய்து பாருங்கள். பாலாடை எழும் அந்தக் கிள்ளலை விரல் ஒருமுறை அறிந்துகொண்டால், எந்தக் கடைக்காரர் எதை நீட்டினாலும் உங்களுக்கே தெரிந்துவிடும்.