தபாலில் வந்த ஜனாதிபதி

தேர்தலுக்கும் தொத்து வியாதிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டும் கூட்டத்தை நம்பிப் பிழைப்பவை. கூட்டம் சேரச் சேர அபேட்சகருக்குக் கொண்டாட்டம், வியாதிக்கும் கொண்டாட்டம்! இந்த இரண்டும் ஒரே வருஷத்தில் ஒரே தேசத்துக்கு விருந்தாளிகளாக வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? 2020-இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது.

அந்த வருஷம் ஜனவரியில் வாஷிங்டன் ராஜ்யத்தில் முதல் கொரோனா நோயாளியைக் கண்டார்கள். மார்ச் 13-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் தேசிய நெருக்கடியைப் பிரகடனம் செய்தார். பள்ளிக்கூடங்கள் மூடின, கடைகள் மூடின. ஏப்ரலில், வேலைக்குப் போகக் கூடியவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல் வேலை இல்லை. பல குடும்பங்களில் கல்யாணங்கள் ஒத்திப் போடப்பட்டன. ஆனால் நவம்பர் 3-ஆம் தேதி மட்டும் நகரவில்லை. ஜனாதிபதி தேர்தல் நாளை அந்நாட்டுச் சட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. 1864-இல் உள்நாட்டு யுத்தத்துக்கு நடுவிலேயே தேர்தல் நடத்தியவர்கள் அவர்கள்!

ஐந்தே ஐந்து சாவடிகள்

வியாதிக்கு நடுவில் வோட்டுப் போடுவது எப்படியிருக்கும் என்பதற்கு ஒத்திகை ஏப்ரல் 7-ஆம் தேதி விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் நடந்தது. அன்று அங்கே பூர்வாங்கத் தேர்தல். தேதியைத் தள்ளிப் போடக் கவர்னர் உத்தரவிட்டார். ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு "கூடாது" என்றது. தபால் வோட்டுகளுக்குக் கீழ்க் கோர்ட்டு கொடுத்திருந்த அவகாசத்தை வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு முந்தின நாள் குறைத்தது. தபாலில் சீட்டு வரும் வரும் என்று காத்திருந்து, அது வராதவர்களுக்கு இரண்டே வழிதான்: சாவடிக்குப் போக வேண்டும், அல்லது வோட்டை மறந்துவிட வேண்டும்.

மில்வாக்கி நகரில் ஏறக்குறைய ஆறு லட்சம் ஜனங்கள். வழக்கமாகச் சுமார் 180 சாவடிகள் உண்டு. அன்று திறந்திருந்தவை ஐந்தே ஐந்து. காரணம், அந்த நாட்டில் சாவடி வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். வியாதியோ வயதானவர்களைத்தான் தேடிப் பிடித்தது. அவர்கள் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. ஜனங்கள் முகமூடி அணிந்து, ஆறடிக்கு ஒருவராக, மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நடுவே மழையும் ஆலங்கட்டியும் வேறு! உயிரா, வோட்டா என்ற கேள்வியை ஒரு ஜனநாயகம் தன் பிரஜைகளிடம் கேட்கலாமா? அன்று கேட்டது.

காலி மண்டபத்தில் ஒரு "சித்தி"

கோடையில் இரு கட்சிகளும் மகாநாடு கூட்ட வேண்டிய தருணம் வந்தது. பலூன்களும் பாண்டு வாத்தியமும் ஆயிரக்கணக்கான பிரதிநிதிகளும் இல்லாமல் அமெரிக்கக் கட்சி மகாநாடு ஏது? அந்த வருஷம் ஜனநாயகக் கட்சியார் மகாநாட்டைப் பெரும்பாலும் டெலிவிஷனிலேயே நடத்தி முடித்தார்கள்.

உப ஜனாதிபதி அபேட்சகராக கமலா ஹாரிஸ் ஆகஸ்ட் 19-ஆம் தேதி பேசியது அநேகமாகக் காலியான ஒரு மண்டபத்தில். அமெரிக்கப் பெண்களுக்கு வோட்டுரிமை உறுதியாகி நூறு வருஷம் நிறைந்த மறுநாள் அது. கை தட்ட ஆள் இல்லை. தம் குடும்பத்தாரைச் சொல்லும்போது அவர் "சித்திகள்" என்ற தமிழ் வார்த்தையைச் சொன்னார். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, பத்தொன்பதாவது வயதில் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போய், மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்டு இங்கே எத்தனை சித்திகள் பூரித்தார்களோ!

அபேட்சகரே நோயாளி

டிரம்ப் கூட்டங்களைக் கைவிடவில்லை. ஜூன் மாதமே டல்ஸா நகரில் உள் அரங்கில் கூட்டம் போட்டார். சர்க்கார் அனுப்பிய 1,200 டாலர் உதவித் தொகைச் செக்குகளில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. செப்டம்பர் 29-ஆம் தேதி கிளீவ்லண்டில் பைடனுடன் ஒரே மேடையில் நின்று வாதாடினார். மூன்றாம் நாள், தமக்கும் மனைவிக்கும் கொரோனா என்று அறிவித்து, ராணுவ ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். மூன்று இரவுகளுக்குப் பின் வீடு திரும்பி, வியாதிக்குப் பயப்பட வேண்டாம் என்றார். உப ஜனாதிபதி அபேட்சகர்கள் வாதாடியபோது நடுவே கண்ணாடி போன்ற தட்டிகளை நிறுத்தினார்கள். தேர்தல் நாளுக்குள் அந்தத் தேசம் 2,30,000-க்கும் அதிகமான உயிர்களைப் பறிகொடுத்திருந்தது.

இரண்டு உறைகளின் கதை

மில்வாக்கியின் பாடம் வீண்போகவில்லை. பல ராஜ்யங்கள் தபால் வோட்டுக்குக் கதவைத் திறந்தன. 2016-இல் பத்துப் பேரில் இருவர்தான் தபாலில் வோட்டுப் போட்டார்கள். 2020-இல் நாலு பேருக்கு மேல்! உரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வோட்டளித்தார்கள். 1900-க்குப் பிறகு இவ்வளவு பேர் வோட்டளித்தது அதுவே முதல் தடவை. ஜனங்களை வீட்டில் அடைத்த வியாதிதான் வோட்டுகளை வெளியே கொண்டு வந்தது என்றால் வேடிக்கையாக இல்லையா?

ஆனால் தபால் வோட்டை எண்ணுவது சாவடி வோட்டை எண்ணுவது போல அல்ல. பென்ஸில்வேனியாவில் சீட்டை முதலில் ஒரு ரகசிய உறையில் போட வேண்டும். அதை இன்னோர் உறையில் இட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். உள் உறையை மறந்தால் வோட்டே செல்லாது. லட்சக்கணக்கான உறைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பிரிக்க வேண்டும். பிளாரிடாவில் இந்த வேலையை முன்கூட்டியே ஆரம்பிக்கலாம். பென்ஸில்வேனியாச் சட்டமோ தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் உறையைத் தொடக் கூடாது என்றது. மாற்றச் சொல்லி அதிகாரிகள் மாதக்கணக்கில் கேட்டார்கள். சட்டசபையும் கவர்னரும் ஒத்துப் போகவில்லை.

இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. தபால் வோட்டில் மோசடி நடக்கும் என்று டிரம்ப் ஓயாமல் சொல்லி வந்தார். ஆகவே அவர் ஆதரவாளர்கள் பெரும்பாலும் சாவடிக்குப் போனார்கள். பைடன் ஆதரவாளர்கள் தபால் பெட்டிக்குப் போனார்கள். விளைவு? செவ்வாய் இரவு பென்ஸில்வேனியாவில் டிரம்ப் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வோட்டு முன்னணியில் இருந்தார். உறைகள் பிரியப் பிரிய முன்னணி கரைந்தது. சனிக்கிழமை பைடன் ஜயித்தார் என்று செய்தி வந்தது.

முடிவில் பைடனுக்கு 8 கோடியே 12 லட்சம் வோட்டு; டிரம்புக்கு 7 கோடியே 42 லட்சம். பெரிய வித்தியாசமாகத்தான் தெரியும். ஆனால் அரிஸோனா, ஜார்ஜியா, விஸ்கான்ஸின் ஆகிய மூன்று ராஜ்யங்களிலும் சேர்த்து வித்தியாசம் 43,000 வோட்டுக் கூட இல்லை. அவை மூன்றும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் தேர்வாளர் கணக்கு 269-க்கு 269 என்று சமமாக நின்றிருக்கும்!

கரைந்த முன்னணியைத் திருட்டு என்றார் டிரம்ப். அறுபது வழக்குகளுக்கு மேல் போட்டார்கள். அநேகமாக எல்லாம் தோற்றன. ஜார்ஜியாவில் சுமார் ஐம்பது லட்சம் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணியும் முடிவு மாறவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 1921-இல் அல்ல, நம் காலத்தில், 2021 ஜனவரி 6-ஆம் தேதி ஒரு கும்பல் பார்லிமெண்டு மாளிகைக்குள் புகுந்தது.

அடுப்பங்கரை வரை

அப்படியானால் டிரம்பைத் தோற்கடித்தது கொரோனாதானா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. வோட்டுப் போட்டவர்களை விசாரித்தபோது, பொருளாதாரமே முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 35 பேர். வியாதியே முக்கியம் என்றவர்கள் 17 பேர். முன்னவர்கள் டிரம்புக்கும் பின்னவர்கள் பைடனுக்கும் பெருவாரியாக வோட்டளித்தார்கள். வியாதி கடுமையாகப் பரவிய பல மாவட்டங்களும் டிரம்பையே ஆதரித்தன. மூடிய கடைக்குச் சொந்தக்காரரும், ஆஸ்பத்திரியில் தகப்பனாரைப் பறிகொடுத்தவரும் ஒரே வியாதியைத்தான் கண்டார்கள். ஆனால் வேறு வேறு குறை கண்டார்கள்.

வியாதி அத்துடன் நிற்கவுமில்லை. சரக்குப் போக்குவரத்துத் தடுமாறியது. சர்க்கார் பணத்தை வாரி இறைத்தது. உக்ரேன் யுத்தமும் சேர்ந்தது. 2022 ஜூனில் விலைவாசி முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் ஏறியிருந்தது. மளிகைக் கணக்குப் பார்த்த குடும்பங்களின் கோபம் 2024 தேர்தலில் ஆளும் கட்சி மேல் பாய்ந்தது. கமலா ஹாரிஸ் தோற்றார். டிரம்ப் திரும்பி வந்தார். ஒரே வியாதி ஒரு தடவை அவரை வெளியே அனுப்ப உதவியது. மறு தடவை உள்ளே அழைத்து வரவும் உதவியது!

அடுத்த தொத்து வியாதி தேர்தல் வருஷம் பார்த்து வராமல் இருக்கப் போவதில்லை. எத்தனை சாவடி திறப்பது, கிழவர்களுக்குப் பதில் யாரை உட்கார வைப்பது, உறையை எந்த நாளில் பிரிப்பது என்பதையெல்லாம் காய்ச்சல் இல்லாத காலத்திலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னாலேயே வடாம் பிழிந்து காய வைக்கும் நம் வீட்டு அம்மாள்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டசபைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.