பேசுமுன் ஓர் உடன்பாடு

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாதத்தின் முதல் நாள் காலை. ஓய்வூதியம் பெற வந்த முதியோர் கையில் புத்தகத்துடன் வரிசையில் நின்றுகொண்டிருந்தனர். திடீரெனக் கணக்கர்களின் திரைகள் அனைத்தும் ஒருங்கே அசைவற்றுப் போயின. நான் அந்நிறுவனத்தின் கணிப்பொறிக் கூடத்தில் அப்பொழுது இளம் பொறியாளன். பெருங்கணிப்பொறி பழுதுற்றதென்றே யாவரும் எண்ணினோம். சென்று நோக்கினால், அது வேலையின்றி வாளா இருந்தது! குற்றவாளி யார் என்று கூறுமுன், பெருங்கணிப்பொறியும் தொலைவிலுள்ள திரைகளும் உரையாடும் முறையைச் சிறிது விளக்கிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையை வெளியிட்டது. அம்முறையில், இரு முனைகள் நினைத்தவுடன் பேசத் தொடங்கிவிட முடியாது. முதலில் 'பைண்டு' என்னும் கட்டளை செல்லும். ஒரு செய்தித் துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம், இருவரும் மாறிமாறிப் பேசுவதா, திரையில் எத்தனை வரிகள், எத்தனை துண்டுகளுக்கு ஒருமுறை அனுமதி கேட்க வேண்டும் என்பன யாவும் அதில் அடங்கியிருக்கும். மறுமுனை இசைந்தால் அமர்வு தொடங்கும். நிபந்தனை பொருந்தாவிடில் 0821 என்ற குறியுடன் மறுத்துவிடும். சிலவகை அமர்வுகளில் மறுமுனை நிபந்தனைகளைத் திருத்தித் திருப்பியனுப்பவும் இடமுண்டு. திருமணத்திற்கு முன் நிகழும் நிச்சயதார்த்தம் போன்றது இது எனலாம். பிறகு பேரம் இல்லை.

துண்டின் நீளத்தைக் குறிக்கும் முறை வேடிக்கையானது. இரண்டே இலக்கங்கள். 87 என எழுதினால் எண்பத்தேழு அன்று. 8-ஐ இரண்டின் ஏழாம் அடுக்கால் பெருக்க வேண்டும், அதாவது 1024. அதையே 88 என்று எழுதிவிட்டால் 2048! ஓர் இலக்கம் பிசகினால் அளவு இரட்டிக்கும். இதில் தடுமாறாத பொறியாளரை நான் கண்டதில்லை.

இனி, ஓட்டக் கட்டுப்பாடு. இதனைப் 'பேசிங்' என்பர். நம் செவிக்குப் பேசுதல் போல ஒலித்தாலும், பேச்சை அளந்து விடுவதே இதன் வேலை. 7 என்று உடன்பட்டிருந்தால், அனுப்புவோன் ஏழு துண்டுகள் அனுப்பலாம். அவற்றுள் முதல் துண்டே, 'அடுத்த ஏழுக்கு இடமுண்டா?' என்ற வினாவைச் சுமந்து செல்லும். பெறுவோன் தனக்கு இடம் உண்டானபோது விடையளிப்பான். விடை வரும்வரை, ஏழு தீர்ந்ததும் அனுப்புவோன் நின்றுவிட வேண்டும். வினா முதல் துண்டிலேயே செல்வது ஏன்? ஏழாவதில் கேட்டால், விடை வரும்வரை கம்பி வெறுமையாகக் கிடக்குமன்றோ? வேகத்தைப் பற்றி இங்கு எவரும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மதகைத் திறக்கும் உரிமை ஏரியிடம் இல்லை, வயலிடம் இருக்கிறது.

பெருங்கணிப்பொறிக்கும் முனைகளுக்கும் நடுவே செய்தித் தொடர்புக் கட்டுப்பாட்டுப் பொறி ஒன்று உண்டு. வரும் துண்டுகளைத் தன் நினைவகத்தில் சிறிதுநேரம் தேக்கிவைத்து, உரிய கம்பியில் அது விடும். அத்தேக்கம் எல்லா முனைகளுக்கும் பொது. அன்று காலை, முந்திய இரவு அச்சாக வேண்டிய நீண்ட அறிக்கையொன்றை யாரோ கிளையின் அச்சுப்பொறிக்கு அனுப்பிவிட்டார். அது நொடிக்கு 120 எழுத்துக்களே அச்சிடும். 9600 பிட்டு வேகக் கம்பியோ நொடிக்கு ஏறத்தாழ 1200 எழுத்துக்களைக் கொணரும். பெருங்கணிப்பொறியின் வேகமோ அதனினும் பன்மடங்கு. அவ்வச்சுப்பொறிக்கு, பெருங்கணிப்பொறியிலிருந்து நடுப்பொறிவரை உள்ள பகுதியில், பேசிங் எண் 0 என்று எழுதப்பட்டிருந்தது. பூச்சியம் என்றால் 'அனுப்பாதே' என்று பொருள் கொள்வீர்கள். அங்கே அதன் பொருள், 'எல்லையே இல்லை' என்பது! அறிக்கை முழுதும் வெள்ளமாக வந்து தேக்கத்தை நிரப்பிற்று. இடமற்ற நடுப்பொறி தன்னைக் காத்துக்கொள்ள எல்லாத் திசையிலிருந்தும் செய்தி ஏற்பதைக் குறைத்துக்கொண்டது. ஆகவே ஒன்றுமறியாத திரைகளும் நின்றன.

எண்ணை 3 ஆக்கினோம். ஆயினும் திரைகள் அசையவில்லை. நிபந்தனை அமர்வின் தொடக்கத்தில் கட்டப்பட்டதாயிற்றே! நடக்கும் அமர்வு பழைய எண்ணையே பற்றிக்கொண்டிருந்தது. இதை உணரவே எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. வெளியே வரிசை தெருவரை நீண்டுவிட்டது. இறுதியில் அச்சுப்பொறியின் அமர்வை முறித்து, புதிதாகத் தொடங்கினோம்.

இவ்வாறு எண்ணை முன்கூட்டியே கட்டிவைப்பது குறைபாடே என்பது என் கருத்து. பின்னர் எல்.யூ. 6.2 என்னும் வகையில் பெறுவோன் ஒவ்வொரு விடையிலும் புதிய எண்ணைக் கூறும் முறை வந்தது. வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் அதே 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டி.சி.பி. முறையிலும் பெறுவோனே தன் இடத்தின் அளவை ஓயாமல் அறிவிக்கிறான். நீங்கள் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பெரும்பாலும் அதுவே நடக்கிறது.

அன்று திரைகள் உயிர்பெற்றன. அறிக்கையின் எஞ்சிய தாள்கள் மாலைவரை மெல்ல மெல்ல அச்சாயின.