புரட்சி செய்யப் போகிறீர்களா?

சாப்பிடக் கூப்பிட்டும் பிள்ளை கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வரவில்லையா? கோபித்துக் கொள்ளாதீர்கள். பாவம், அவன் ராஜ்யத்தில் அராஜகம் நடக்கிறதோ என்னவோ!

ஸிட் மையர் உருவாக்கி 1991-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' விளையாட்டைத்தான் சொல்கிறேன். கி.மு. 4000-இல் ஆட்டம் ஆரம்பம். முதலில் சர்வாதிகாரம், மூன்று பங்கு விளையும் நிலத்திலும் இரண்டுதான் கைக்கு வரும். முடியாட்சி, குடியரசு, கம்யூனிஸம், ஜனநாயகம் என்று எதற்கு மாற நினைத்தாலும் புரட்சி செய்தாக வேண்டும். நடுவே சில சுற்றுகள் அராஜகம்! வரி வராது; விஞ்ஞானிகள் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரமிடுகளைக் கட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

ஜனநாயகம் வந்தால் கஜானா நிரம்புகிறது. ஆனால் படை வெளியூர் புறப்பட்டதோ, சொந்த ஊரில் முணுமுணுப்பு! எல்லையிலேயே கண்ணாக இருந்து, ஓர் ஊரின் கலகத்தை அடுத்தடுத்து இரண்டு சுற்று கவனிக்காமல் விட்டால் போதும். அரசே கவிழ்ந்து, மறுபடியும் அராஜகம்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. இந்த விளையாட்டின் உலக அதிசயங்களில் பெண்கள் வாக்குரிமையும் ஒன்று! அதை அடைந்த நாட்டில் அந்த முணுமுணுப்பு குறைகிறதாம். காரணம் என்ன என்று பிள்ளையையே கேளுங்கள். என்ன சொல்கிறான், பார்ப்போம்!