எலியைத் தூக்கும் கையும் ரத்தத்தில் ஏறும் ஹார்மோனும்

ஆய்வக எலியின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் போகிறவருக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ மூன்று நிமிடம். கூண்டை அசைத்த கணமே கணக்கு தொடங்கிவிடும். அதற்குள் வால் நுனியில் சிறு கீறல் போட்டு ஓரிரு துளி ரத்தம் எடுத்துவிட வேண்டும். தாமதமானால், பிடித்துத் தூக்கியதனாலேயே ஏறிய ஹார்மோனும் அதில் கலந்துவிடும். எது முன்பே இருந்தது, எது இப்போது வந்தது என்று பிரிக்க முடியாது. மன அழுத்தம் பற்றி எலிகளைக் கொண்டு கண்டறிந்தவை என்று எதைப் படித்தாலும் இந்த மூன்று நிமிடத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அந்த ஹார்மோனின் பெயர் கார்ட்டிகோஸ்டிரோன். மனித உடலில் அதே வேலையைப் பெரும்பாலும் கார்ட்டிசால் செய்கிறது. இரண்டுமே சிறுநீரகத்தின் மேல் ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியில் உருவாகின்றன. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அதன் ஹைப்போதலாமஸ் பகுதி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பது ரத்தம் வழியாக அட்ரீனலை எட்டுகிறது. நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின் சில நொடிகளில் வந்துவிடும். கார்ட்டிகோஸ்டிரோன் நிமிடக் கணக்கில் ஏறி, அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு அதே ஹார்மோன் மூளைக்குத் திரும்பிப் போய், சுரந்தது போதும் என்று தன் உற்பத்தியைத் தானே நிறுத்தவும் செய்கிறது. இந்த நிறுத்தும் ஏற்பாடுதான் முக்கியம். கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம் ஒன்று வெளியானது. எழுதியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். சூலகச் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது அட்ரீனல் வீங்கியிருந்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண் இருந்தது. வேறு உறுப்பின் சாற்றைச் செலுத்தினாலும் அதே மூன்று மாற்றங்கள். ஃபார்மலினைச் செலுத்தினாலும், குளிரில் வைத்தாலும், களைத்து விழும்வரை ஓட வைத்தாலும் அதேதான். துன்பம் எதுவானாலும் உடல் ஒரே விதமாகத்தான் பதில் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

செல்யேவின் அந்த முடிவு முழுதாக நிலைக்கவில்லை. அமெரிக்காவில் ஜான் மேசன் குரங்குகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார். மற்றக் குரங்குகள் தின்பதைப் பார்க்க முடியாதபடி தனியே வைத்து, சத்தில்லாத, ஆனால் சுவையூட்டிய உருண்டைகளைக் கொடுத்தபோது, பட்டினியிலும் அவற்றின் கார்ட்டிசால் ஏறவில்லை. உடலுக்கு என்ன நேர்கிறது என்பதோடு, அந்த விலங்கு அதை எப்படி உணர்கிறது என்பதும் சேர்ந்துதான் ஹார்மோனை எழுப்புகிறது. இதை இன்னும் கூர்மையாகக் காட்டியவர் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜே வைஸ். இரண்டு எலிகளின் வாலிலும் ஒரே மின் அதிர்ச்சி, ஒரே நேரத்தில், ஒரே அளவில். ஒரு எலி சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடியும்; நிறுத்தினால் இரண்டுக்குமே நின்றுவிடும். மற்ற எலியால் எதுவும் செய்ய முடியாது. கையாலாகாமல் இருந்த எலிக்குத்தான் இரைப்பைப் புண் அதிகம். அதிர்ச்சிக்கு முன் எச்சரிக்கை ஒலி கொடுத்தபோது புண் குறைந்தது. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை. கொடுமையான சோதனைதான், அதில் கிடைத்த பதிலின் பெறுமதியையும் மறுப்பதற்கில்லை.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஓடவோ எதிர்த்து நிற்கவோ சர்க்கரை வேண்டும். கார்ட்டிகோஸ்டிரோன் தசையின் புரதத்தைக் கரைத்து, அதிலிருந்து கல்லீரலைக் குளுக்கோஸ் தயாரிக்க வைக்கிறது; அந்தக் குளுக்கோஸைத் தசையும் கொழுப்புத் திசுவும் இழுத்துக்கொள்ளாதபடி இன்சுலினின் வேலையையும் தடுக்கிறது. நெருக்கடி நேரத்தில் இது உயிர் காக்கும் ஏற்பாடு. அட்ரீனலை அகற்றிய எலிக்கு உப்புநீர் கொடுத்துப் பிழைக்க வைத்தாலும், பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். குளிரையும் அதனால் தாங்க முடியாது. ஆனால் இதே ஹார்மோனைச் சுண்டெலியின் குடிநீரில் கலந்து வாரக்கணக்கில் கொடுத்தால் எலி கொழுக்கிறது, இன்சுலினுக்கு அதன் உடல் மசிவதில்லை. சில மணி நேரத்துக்கு மருந்தாக இருப்பது சில வாரங்களில் நோயாகிறது.

அப்படியானால் மன அழுத்தத்தில் இருக்கும் எலி குண்டாகுமா? பெரும்பாலும் ஆவதில்லை, இளைக்கிறது. தினமும் குறுகிய குழாயில் அடைத்து வைக்கப்படும் எலி தன் வழக்கமான உருண்டைத் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் கூண்டில் பன்றிக்கொழுப்பும் சர்க்கரைக் கரைசலும் வைத்தால் மட்டும் அவற்றை விடுவதில்லை. கலிஃபோர்னியாவில் மேரி டால்மன் குழுவினர் இதைக் கவனித்தார்கள். அப்படித் தின்ற எலிகளிடம் மன அழுத்த ஹார்மோன்களின் எழுச்சியும் தணிந்திருந்தது. வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட மூளையின் அபாயமணி அடங்குகிறது என்று டால்மன் 2003இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். ‘டென்ஷனானால் தொப்பை போடும்’ என்று செய்தி வரும்போது, அந்தக் கூண்டில் என்ன தீவனம் இருந்தது என்று கேட்பது அவசியம்.

அடுத்தது நடத்தை. எலியின் அச்சத்தை அளக்கத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை வைப்பார்கள். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவை. இயல்பான எலி சுவருக்குள் பதுங்கினாலும் அவ்வப்போது வெளியே வந்து விளிம்பை எட்டிப் பார்க்கும். அழுத்தத்துக்கு ஆளான எலி சுவரோரத்தை விட்டு வருவது குறைந்துவிடும். இதன் வேர் மூளைக்குள் எங்கே என்று தேடியவர்களில் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் முக்கியமானவர்கள். தினம் இரண்டு மணி நேரம், பத்து நாள், எலிகளை அசையவிடாமல் வைத்தார்கள். நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்கான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. 2002இல் வெளியான ஆய்வு அது. பிறகு 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தபோது ஹிப்போகேம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலா தேறவில்லை, எலிகளின் அச்சமும் விலகவில்லை. கஷ்டம் தீர்ந்தபின்னும் பயம் ஏன் தங்குகிறது என்ற கேள்விக்கு, எலியின் மூளையில் கிடைத்த கண்கூடான தடயம் இது.

மறுபடி அந்த மூன்று நிமிடத்துக்கு வருவோம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் நெடுங்காலமாகப் பரவலான வழக்கம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும், ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ தூக்கிய சுண்டெலிகள் பயம் குறைந்து மனிதரைத் தேடி வருவதை 2010இல் காட்டினார்கள். செல்யே பணிபுரிந்த அதே மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் இன்னொரு ஆச்சரியம் வந்தது: ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே, ஏன், ஆண் ஒருவர் அணிந்த டி-ஷர்ட் அருகில் இருந்தாலே எலிகளின் ஹார்மோன் ஏறியது, வலியின் அறிகுறிகள் குறைந்தன. வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. சுண்டெலிக்கு இதமானது சுமார் 30 டிகிரி செல்சியஸ். ஆய்வகங்கள் 20 முதல் 24 டிகிரியில் குளிர்கின்றன. தின்பதில் கணிசமான பங்கை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிக்கும் எலியிடம்தான் வளர்சிதை மாற்றத்தை அளந்துகொண்டிருக்கிறோம். எலியை இதமாக வைப்பது இரக்கம் மட்டுமல்ல, அளவீட்டின் நேர்மையும் அதில் அடங்கியிருக்கிறது.

இத்தனை எச்சரிக்கைக்கும் அசையாத ஒரு முடிவும் எலிகளிடமிருந்து கிடைத்தது. அட்ரீனல் சாற்றை அதிக அளவில் வெளியிலிருந்து செலுத்தினால் எலியின் சொந்த அட்ரீனல் சுருங்கிவிடும் என்று 1937இல் ட்வைட் இங்கிளும் எட்வர்ட் கெண்டலும் கண்டார்கள். ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நம்பிவிட, சுரப்பிக்கு உத்தரவே போவதில்லை. கெண்டல் 1950இல் அட்ரீனல் ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இது எலிகளோடு முடிகிற விஷயமில்லை. வீசிங்குக்கும் மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் தரப்படும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்ட்டிசாலின் செயற்கை உறவினர்கள்தாம். பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் நம் அட்ரீனலும் அப்படியே அடங்கிவிடும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; அவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.